தூத்துக்குடியில் ஒரு நாள்

எங்கள் நாசரேத்தில் யாராவது "தூத்துக்குடிக்குப் போகிறேன்" என்று சொன்னால் அதற்கு மூன்றே அர்த்தங்கள்தான் உண்டு. கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போகிறார். அல்லது பெரிய டாக்டரைப் பார்க்கப் போகிறார். இரண்டும் இல்லையென்றால், செந்தூர் எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்காமல் முத்துநகர் எக்ஸ்பிரஸைப் பிடிக்க ஓடுகிறார். ஊர் பார்க்கப் போகிறேன் என்று சொன்னவரை நான் கண்டதில்லை. தாஜ்மகாலைப் பார்க்க ஆக்ராவுக்குப் போவோம். பனியைப் பார்க்கக் காஷ்மீருக்குப் போவோம். ஆனால் சுமார் 40 கிலோ மீட்டர் தூரத்தில் போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடித்துப் பிடித்துக்கொண்ட துறைமுகம் ஒன்று இருக்கிறதே, அதைப் பார்க்க மாட்டோம்! உள்ளூர் மாடு விலை போகாது என்று சும்மாவா சொன்னார்கள்?

இந்த முறை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, தூத்துக்குடியைப் பார்ப்பதென்றே ஒரு நாளை ஒதுக்கினேன். அக்காள் மகள் ஒன்பதாம் வகுப்பு. அவள் உடனே செருப்பை மாட்டிக்கொண்டாள். ஆச்சரியம் என்னவென்றால், எண்பதை எட்டிக்கொண்டிருக்கும் என் அத்தையும் "நானும் வாறேன்" என்று கிளம்பிவிட்டார்.

அத்தை பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம். அத்தையின் தாத்தா அங்கே கடை வைக்கப் போனவர். 1964-இல், அத்தைக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது, குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் வந்து இறங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் அடித்த புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது.

"நான் இறங்குன துறையைக் கடல் கொண்டுபோயிட்டு. எங்க ஆச்சி கப்பலேறுன துறை தூத்துக்குடி. அதாவது இருக்கான்னு பாத்திட்டு வருவோம்" என்றார் அத்தை.

அறுபது வருஷம் பக்கத்து ஊரிலே இருந்தும் இந்த ஆசையை ஒரு நாளாவது வாய் திறந்து சொன்னதுண்டா? துணி எடுக்கப் போகிற அவசரத்தில் யாரும் கேட்டதும் இல்லை; அத்தை சொன்னதும் இல்லை.

தூத்துக்குடியைப் பார்ப்பது பஸ்ஸிலேயே ஆரம்பமாகி விடுகிறது. ஆகையால் ஜன்னல் ஓர இடமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஆத்தூர் வழியாகப் போனோம். வெற்றிலைக்குப் பேர் போன ஆத்தூர். 2023-இல் அந்த வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அப்பால் முக்காணியில் தாமிரபரணியைக் கடக்கிறோம். பாலத்தின் மேல் பஸ் ஓடுகிற அந்த ஒரு நிமிஷத்தில், இரண்டாயிரம் வருஷத்துச் சமாசாரம் அக்கம்பக்கத்தில் கிடக்கிறது.

மேற்கே கொற்கை. பாண்டியர்களின் பழைய துறைமுகம் அதுதான். கிரேக்க மாலுமிகளும் எழுதி வைத்த பெயர். இன்றைக்குப் போய்ப் பார்த்தால் வாழைத் தோட்டமும் வயலும்தான். ஆறு மண்ணைக் கொண்டு வந்து கொட்டிக்கொட்டி, கடல் பல கிலோ மீட்டர் தூரம் விலகிப் போய்விட்டது. கொற்கை தூர்ந்த பிறகு காயல் எழுந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து வியந்தது அந்தக் காயலைப் பற்றித்தான். அதுவும் தூர்ந்தது. இப்போது பஸ் நிற்கிற பழைய காயல், பெயரிலேயே 'பழைய' என்பதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் பிறகு வந்ததுதான் தூத்துக்குடி. தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியது. கொற்கையைக் கடல் கைவிட்டது. துறைமுகங்களுக்கும் ஆயுள் உண்டு போலும்!

பழைய காயலைத் தாண்டினால் உப்பளம். கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்தி பாத்தியாக வெள்ளை. குஜராத்துக்கு அடுத்தபடியாக நம் நாட்டில் உப்பு அதிகம் விளைவது இங்கேதான். உங்கள் வீட்டுச் சாம்பாரில் தூத்துக்குடி இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று, விடிவதற்கு முன்பே பெண்கள் பாத்தியில் இறங்கி விடுகிறார்கள். நீண்ட கோலில் மாட்டிய பலகையால் உப்பை வாரி வரப்பில் ஒதுக்குகிறார்கள். பின்பு அதைச் சுமந்து போய் அம்பாரமாகக் கொட்டுகிறார்கள். காலில் உப்பு நீர். கண்ணில் வெள்ளைக் கூச்சம். வருஷக் கடைசியில் மழை வந்தால் வேலையே கிடையாது. நாம் உப்பைக் கிள்ளிப் போடுகிறபோது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

* * *

ஊருக்குள் இறங்கியதும் முதலில் பனிமய மாதா கோயிலுக்குப் போங்கள். காலை வேளையில் கடற்காற்று வாசல் வழியே வந்து உட்கார்ந்திருக்கும்.

இந்தப் பெயரே ஒரு வேடிக்கை. ரோமாபுரியில் ஒரு ஆகஸ்டு 5-ஆம் தேதி, கொளுத்துகிற கோடையில், ஒரு குன்றின் மேல் பனி பெய்ததாகவும், அந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் எழுந்ததாகவும் ஐதீகம். அந்தப் பனிமய மாதாவே, ஐஸ் பெட்டியில் தவிர வேறெங்கும் பனியைப் பார்த்திராத தூத்துக்குடிக்கு அன்னையாகி விட்டாள்! மணிலாவிலிருந்து 1555-இல் கப்பலில் வந்த சுரூபம் என்பது வழிவழியாகச் சொல்லும் செய்தி. இப்போதுள்ள கோயில் 1713-இல் எழுந்தது. 1982-இல் இதைப் பேராலயமாக உயர்த்தினார்கள். ஆண்டுதோறும் ஜூலை 26-இல் கொடியேறி, ஆகஸ்டு 5-இல் திருவிழா. முத்துக் குளிக்கும் பரதவ மக்களின் கோயில் இது. ஆனால் திருவிழாக் கூட்டத்தில் யார் எந்த மதம் என்று பிரித்துச் சொல்ல உங்களால் முடியாது. 1806-இல் முதன் முதலாக ஓடிய தங்கத் தேர், விசேஷமான ஆண்டுகளில் மட்டுமே வீதிக்கு வரும். கடைசியாக 2023-இல் வந்தது. சங்கர ராமேசுவரர் கோயிலும் நடக்கிற தூரம்தான்.

மாதா கோயிலுக்கு வெளியே அக்காள் மகள் ஒரு கேள்வி கேட்டாள்: "சித்தி, முத்து நகர்னு சொல்றாங்களே, முத்து எங்கே விக்கிறாங்க?"

நீங்களும் இதைக் கேட்பீர்கள் என்று தெரியும். பெண்மணிகளே, ஏமாறாதீர்கள்! இங்கே முத்துக் குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். மன்னார் வளைகுடாவின் பார்களில் சிப்பி அருகி விட்டது. அதற்குப் பின் குளிப்பே இல்லை. 1973-இல் ஊருக்கு வடக்கே வேப்பலோடையில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியை வளர்த்து, அதற்குள் முத்தை விளைவித்துக் காட்டினார்கள். கடைகளில் இன்று தொங்குகிற மாலை எந்தக் கடலில் விளைந்ததோ, அது கடைக்காரருக்கே வெளிச்சம்.

முத்து இல்லாவிட்டால் என்ன, அதைப் பற்றிய கதை இருக்கிறது. மூழ்குகிறவர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கயிற்றோடு இறங்குவார். மூச்சு நிற்கிற ஒரு நிமிஷத்துக்குள் கூடை நிறையச் சிப்பியை அள்ளிக்கொண்டு கயிற்றை அசைப்பார். மேலே தோணியில் இருக்கிற ஆள் சட்டென்று இழுத்துவிட வேண்டும். ஒரு கணம் அயர்ந்தால் உயிர் போய்விடும். அந்தக் கயிற்றைப் பிடிக்க யாரை நம்புவது? அண்ணனா, தம்பியா? இல்லை, மைத்துனன்தான் பிடிப்பான் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். பங்காளிக்காவது சொத்து ஆசை வரலாம். மைத்துனனோ தன் அக்காளோ தங்கையோ தாலியறுக்கச் சம்மதிக்க மாட்டானாம். கடலுக்குள் இருப்பவன் உயிரைக் கரையில் இருக்கும் ஒரு பெண்ணின் தாலிக்கயிறுதான் பிடித்துக்கொண்டிருந்தது!

முத்துக் குளிப்பு நின்றாலும் சங்கு குளிப்பு நிற்கவில்லை. இங்கே எடுக்கிற சங்கு வங்காளத்துக்குப் போய், அங்கே கல்யாணப் பெண்ணின் கையில் வெள்ளை வளையலாக ஏறும். இது இன்று நேற்றல்ல, நெடுங்காலமாக நடக்கிற வியாபாரம்.

* * *

கடற்கரைப் பக்கம் நடந்தால் ஒரு பழைய சர்ச் வரும். டச்சுக்காரர்கள் 1750-இல் கட்டியது. அவர்கள் 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து ஊரைப் பிடித்தவர்கள். 1825-இல் ஊர் முடிவாக ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கோயிலின் பெயர் பரிசுத்த திரித்துவ ஆலயம். முகப்பில் மூன்று எழுத்துகள் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. அக்காள் மகள் தலையைச் சாய்த்து எழுத்துக் கூட்டினாள்.

"வி... ஓ... சி! சித்தி, டச்சுக்காரங்க எதுக்கு நம்ம வ.உ.சி. பேரைப் போட்டாங்க?"

சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி ரொம்ப நல்ல கேள்வி. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரை அவர்கள் மொழியில் சுருக்கினால் அந்த மூன்று எழுத்துதான் வரும். 1602-இல் பிறந்து, 1799-இல் முடிந்துபோன கம்பெனி. உலகத்திலேயே பெரிய வியாபாரக் கம்பெனியாக இருந்தது. ஒட்டப்பிடாரத்து வக்கீல் வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் ஆரம்பித்த சுதேசிக் கப்பல் கம்பெனியோ ஐந்து வருஷம்கூடத் தாங்கவில்லை. கணக்குப் பார்த்தால் டச்சுக்காரர்களுக்குத்தான் ஜெயம். ஆனால் இன்று தூத்துக்குடியில் நின்று அந்த மூன்று எழுத்தைச் சொல்லிப் பாருங்கள். எந்தக் குழந்தையாவது டச்சுக் கம்பெனியை நினைக்குமா? 2011 முதல் துறைமுகத்தின் பெயரே வ.உ. சிதம்பரனார் துறைமுகம். பழைய கிரேட் காட்டன் ரோட்டின் ஒரு பகுதிக்கும் அவர் பெயர் வைத்தாகி விட்டது.

அந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருப்போம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி ஒன்றே கப்பல் விட்டுக்கொண்டிருந்தது. வ.உ.சி. ஊர் ஊராகப் போய்ப் பங்கு சேர்த்து, 1907-இல் 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்களைக் கொண்டு வந்து சேர்த்தார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, கடைசியில் இனாமாகவே ஏற்றிக்கொண்டு, போதாக்குறைக்கு ஆளுக்கு ஒரு குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். 1908-இல் கோரல் மில் தொழிலாளர் வேலை நிறுத்தத்தை முன்னின்று நடத்திய வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். சிறையில் அவர் செக்கிழுத்தார். 1911-இல் கம்பெனி கலைந்தது.

ஊரில் ஆஷ் துரையின் பெயரால் எழுப்பிய மண்டபம் ஒன்றும் இருக்கிறது. சுதேசிக் கம்பெனியை ஒடுக்குவதில் முன்னின்ற அந்த அதிகாரி அயர்லாந்துக்காரர். 1911 ஜூன் 17-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதனின் குண்டுக்கு இரையானார். வ.உ.சி. சிலைக்கு மாலை போட வருகிறவர்கள் இந்த மண்டபத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம். ஒரே ஊர் இரண்டு பேரையும் நினைவில் வைத்திருக்கிறது.

நான் குடைச் சமாசாரத்தைச் சொல்லி முடித்ததும் அத்தை யோசனையில் ஆழ்ந்தார். அப்புறம் வெகு தீர்மானமாகச் சொன்னார்:

"எங்க ஆச்சி கல்யாணம் முடிஞ்ச கையோட போனவ. 1907 இல்லைன்னா 1908-ல இருக்கும். அவகிட்ட குடை இருந்து நான் பாத்ததே இல்லை. மழை பெய்தா முந்தானையைத்தான் போட்டுக்கிடுவா. அதனால ஆச்சி ஏறுனது சுதேசிக் கப்பல்தான்!"

எந்த ஹைகோர்ட்டில் இந்தச் சாட்சியம் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அத்தை முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபிறகு குறுக்கு விசாரணை செய்ய மனம் வரவில்லை.

* * *

மாலை நாலு மணிக்கு மேல் பழைய துறைமுகத்துப் பக்கம் போனோம். இந்த ஊரில் நான் மிகவும் ரசித்தது இதைத்தான். பெரிய பெரிய மரத் தோணிகள் அணிவகுத்து நிற்கின்றன. முந்நூறு, நானூறு டன் சரக்கை அநாயாசமாக ஏற்றிக்கொள்ளும். ஒரு காலத்தில் பாயை விரித்துக் கொழும்புக்குப் போனவை. இப்போது எஞ்சின் பூட்டிக்கொண்டு மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் வெங்காயம், காய்கறி, கட்டட சாமான் ஏற்றிப் போகின்றன.

சாலையோரம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த வயதான தோணித் தொழிலாளி ஒருவரை அத்தையே அணுகிக் கேட்டார்.

"ஐயா, கொழும்புக் கப்பல் அந்தக் காலத்துல எங்கே வந்து நிக்கும்?"

அவர் எழுந்து கிழக்கே கையைக் காட்டினார். "கரைக்குக் கப்பல் வராதும்மா. இங்கே தண்ணி ஆழம் கிடையாதுல்லா? அஞ்சு மைலுக்கு அந்தாண்ட நிக்கும். ஆளுவளைப் படகுலதான் கொண்டுபோய் ஏத்துவாவ. எங்க தாத்தா சொல்லுவாவ."

"அஞ்சு மைலா!" என்றார் அத்தை. சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எங்க ஆச்சி சொல்லிச் சொல்லி அழுவா. ஊரிலேருந்து ஒரு கருப்பட்டிச் சிப்பம் மடியில வச்சுக் கொண்டுபோனாளாம். படகுல அலை அடிச்சு அடிச்சு, கப்பல்ல ஏறுறதுக்குள்ள கருப்பட்டி பூரா கரைஞ்சு, கூறைப்புடவை எல்லாம் ஒட்டிக்கிட்டாம். நாங்க சின்னப் பிள்ளையள்லாம் சிரிப்போம். கரையில கிடக்கிற கப்பல்ல ஏறுறதுக்குள்ள கருப்பட்டி எப்படிக் கரையும், ஆச்சி கதை அளக்கான்னு கேலி பண்ணுவோம். அஞ்சு மைல் படகுல போனா கரையத்தானே செய்யும்?"

அந்த ஆச்சி திரும்பி வரவே இல்லை. அத்தைக்குப் பன்னிரண்டு வயதாகும்போது ஹட்டனில் காலமாகி விட்டார். சொந்த மண்ணில் கடைசியாக அவர் கால் பட்ட இடம் இந்தக் கரையில் எங்கோ ஒரு சாண் அகலத்தில் இருக்கிறது.

அவர் ஒருவர் மட்டுமா? 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. சென்னையிலிருந்து போட் மெயிலில் வருகிறவர்கள் இங்கேதான் இறங்கிக் கொழும்புக் கப்பல் ஏறுவார்கள். 1914-இல் தனுஷ்கோடி வழி திறக்கிற வரையில் அதுதான் ராஜபாட்டை. தோட்டத்துக்குப் போகிற கூலி ஜனங்களை, ரயில் பாதையில் உள்ள தட்டப்பாறை முகாமில் நிறுத்தி வைத்துப் பரிசோதித்து அனுப்பினார்கள். எத்தனை குடும்பங்கள், எத்தனை மூட்டைகள்! அவர்களுக்கென்று ஒரு கல், ஒரு பலகை ஏதாவது இருக்கிறதா என்று கண்ணை ஓட்டினேன். என் கண்ணில் படவில்லை.

அயர்லாந்தில் கோவ் என்று ஒரு துறைமுக ஊர் உண்டு. டைட்டானிக் கப்பல் 1912 ஏப்ரலில் கடைசியாக நின்று புறப்பட்டது அங்கேதான். அங்கும் கப்பல் வெளியே நிற்க, பிரயாணிகளைச் சிறு படகில்தான் கொண்டு போனார்கள். பஞ்சம் பிழைக்க அமெரிக்காவுக்குப் போன லட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் அந்தக் கரையிலிருந்துதான் போனார்கள். இன்று அந்த ஊரார் அதையே ஊரின் சரித்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள். பழைய ரயில் நிலையத்தில் காட்சிச்சாலை. கரையில் ஆனி மூர் என்கிற சிறுமிக்கு, அவள் இரு தம்பிகளோடு, சிலை. அவள் ராணியும் அல்ல, வீராங்கனையும் அல்ல. 1892 ஜனவரி 1-இல் நியூயார்க் துறைமுகத்தில் புதிதாகத் திறந்த குடியேற்ற நிலையத்தில் முதல் ஆளாகக் கால் வைத்த ஏழைப் பெண், அவ்வளவுதான். அவளைப் பார்க்க உலகமெங்கும் இருந்து பேரன் பேத்திகள் வருகிறார்கள்.

நம் ஊரிலும் ஒரு கருப்பட்டிச் சிப்பத்தோடு ஒரு பெண் கரையில் நின்றால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு மறுபடியும் பயணிகள் கப்பல் விட்டார்கள். சில மாதத்திலேயே, நவம்பரில், நின்றுவிட்டது. "அப்பவே போயிருக்கணும்" என்றார் அத்தை. குறையாகச் சொல்லவில்லை, பஸ் தப்பியதைச் சொல்வதுபோல் சொன்னார்.

* * *

நீங்கள் போவதானால் சில குறிப்புகள்:

விடிகாலையில் கிளம்புங்கள், பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெயில் யாரையும் மன்னிக்காது. டிசம்பர் முடிந்து மார்ச்சு வரையில் போனால் உத்தமம். திருவிழாக் கூட்டத்தைப் பார்க்க ஆசையிருந்தால் ஆகஸ்டு முதல் வாரம். குழந்தைகளோடு போகிறவர்கள் மாலையில் ரோச் பூங்காவில் காற்று வாங்கலாம். தெற்கே, கடலுக்குள் சுமார் நாலு கிலோ மீட்டர் நீளத்துக்குக் கல்லைக் கொட்டி இரண்டு கைகளாக நீட்டிக் கட்டிய புதிய துறைமுகம் இருக்கிறது. 1974-இல் இது பெருந்துறைமுகமாயிற்று. அந்த அஞ்சு மைல் படகுப் பயணத்துக்கு அதோடு முடிவு கட்டியாகி விட்டது. பக்கத்து முயல் தீவில் காணும் பொங்கலன்று ஊரே சோற்று மூட்டையோடு கூடியிருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் வயதான பெண்மணி யாராவது இருந்தால், "கப்பலில் போனவர்கள் நம் குடும்பத்தில் உண்டா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இலங்கையோ, பர்மாவோ, மலேயாவோ, ஏதாவது ஒரு கருப்பட்டிக் கதை அகப்படாமல் போகாது. அவர் கிளம்பி வரச் சம்மதித்தால் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். ஊரைப் பற்றி எந்த வழிகாட்டிப் புத்தகமும் சொல்லாததை அவர் சொல்வார்.

திரும்பும்போது மக்ரூன் வாங்க மறக்காதீர்கள். முட்டையின் வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையும் முந்திரிப் பொடியும் சேர்த்துக் கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் நெடுநேரம் வைத்து எடுக்கிற பண்டம். போர்ச்சுகீசியர் விட்டுப் போனது என்று ஊரில் சொல்வார்கள். வாயில் போட்டால் கடிக்க வேண்டிய வேலையே இல்லை. அத்தை அரைக் கிலோ வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: டப்பாவை இறுக மூடி, பஸ் ஜன்னலையும் சாத்திவிடுங்கள். கடற்காற்றுப் பட்டால் மக்ரூனும் கருப்பட்டியைப்போல ஒட்டிக்கொள்ளும்!